குடைக்காரியின் வெயில்

அவள் தெருவில் நடப்பதைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம். காலையில் கிழக்கு வரிசை வீடுகளின் சுவரை ஒட்டி வருவாள். சாயங்காலம் மேற்கு வரிசைச் சுவரை ஒட்டிப் போவாள். சுவருக்கு நிழலே இல்லாத உச்சி நேரத்தில் வெளியே வர மாட்டாள். வந்தே ஆக வேண்டும் என்றால் குடை பிடிப்பாள். ஐப்பசி மழையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வருகிறவள், மழை விட்டு வெயில் அடித்ததும் குடையை விரிப்பாள். அதனால் எங்கள் தெருவில் அவளுக்குக் குடைக்காரி என்று பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. அதை நான் இங்கே எழுதவில்லை. அவள் உயிரோடு இருந்திருந்தால், "எம்பேர எதுக்குக்கா வெய்யில்ல காய வெக்கிற?" என்று கேட்டிருப்பாள்.

உத்திரமேரூரில் காஞ்சிபுரம் பஸ் ஏறினால் இடப்பக்க சீட்டில்தான் உட்காருவாள். காலையில் வடக்கே போகும்போது வெயில் வலப்பக்கம் அடிக்கும். சாயங்காலம் தெற்கே திரும்பும்போதும் வலப்பக்கமே அடிக்கும். "லேடீஸ் சீட்ட இந்தப் பக்கம் வெச்சவன் எந்த வூட்டுப் புள்ளையோ, நல்லா இருக்கணும்" என்பாள். காலமெல்லாம் அந்த பஸ்ஸில்தான் நானும் போகிறேன். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அவளும் நானும் ஒரே நடவுக் கூட்டத்தில் குனிந்து வளர்ந்தவர்கள். எனக்கு அவளைவிட இரண்டு வயது கூட. நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் கொஞ்சம் கழனி இருந்தது, அதில் இன்றைக்கும் இறங்குகிறேன். என் தலைக்கு ஒரு துண்டு போதும். குடை பிடித்துக்கொண்டு களை எடுக்க முடியுமா? அவளுக்கு வாய்த்தவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். அந்த வேலை கிடைத்த நாளோடு அவள் கழனிப் பக்கம் போவதை விட்டாள். நடவுக்காரி பவுசு பண்ணுகிறாள் என்று தெருவில் பேசினார்கள். நானும்தான் கேட்டேன்.

"இன்னாமே, வெய்யிலு பட்டா கரைஞ்சி பூடுவியா?"

"கரைய மாட்டேங்கா. பட்டது போதும்னு கீறேன்."

அவ்வளவுதான் பதில். அந்த "போதும்" அவள் வாயிலிருந்து வருகிற விதமே தனி. சோறு பரிமாறுகிறவளிடம் இலைமேல் கையை விரித்துச் சொல்வதுபோல இருக்கும்.

கடைசிவரை அவள் தன் காலால் நடந்தாள். ஆனால் நடுவில் ஒரு காலம், இனி நடக்க மாட்டாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவளும் நினைத்தாள். அதைச் சொல்வதற்கு முன்னால் அவள் மரங்களைச் சொல்ல வேண்டும்.

வீடு கட்டுவதற்கு முன்பே மரம் வைத்தவள் அவள். வாசலில் இரண்டு புங்கன், பின்பக்கம் ஒரு வேம்பு. மண்சுவர் வீட்டில் இருந்தபோது வைத்தது, மெத்தை வீடு எழும்பும்போது தெருவுக்கே கூரை போட்டதுபோல விரிந்துவிட்டது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஊரே கரகத்தின் பின்னால் வெயிலில் போகும். இவள் மட்டும் தன் மரத்தடியில் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நிற்பாள். "தாயே, நீ வெய்யில்ல வந்து பழகினவ. நான் பழகி வுட்டவ. ஒரு எட்டு இப்டி வந்துட்டுப் போ" என்று கரகத்தைப் பார்த்துச் சொல்வாள். பூசாரியும் மறுக்காமல் வந்து அங்கேதான் கரகத்தை இறக்குவார். அவருக்கும் கால் சுடும் அல்லவா.

நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் மதியம் அந்த மரத்தடியில்தான் சோறு தின்பார்கள். ஒரு பானைத் தண்ணீர் எப்போதும் அங்கே இருக்கும். ஒருநாள் அவள் மருமகளின் தம்பி புதுக் காரில் வந்தான். காரை நிழலில் நிறுத்த வேண்டும் என்று மருமகள் வெளியே வந்து, "கொஞ்சம் எய்ந்து அந்தாண்ட போங்க" என்று அந்தப் பெண்களைச் சொல்லிவிட்டாள். உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"யாரைம்மா எய்ந்திருக்கச் சொன்னே?"

"இல்ல அத்தே, காரு சூடாயிடும்."

"காருக்கு ரத்தம் கீதா? மயக்கம் வருமா? நிக்கட்டும் வெய்யில்ல. நீங்க குந்துங்கடி."

கார் வெயிலிலேயே நின்றது. கிளம்பும்போது அந்தப் பிள்ளை சீட்டில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, கடைசியில் துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டு போனான். மரத்தடிப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "நெயல்ல குந்தினவங்கள எய்ந்திரின்னு சொல்றது என் வாசல்ல நடக்கக் கூடாதுக்கா" என்றாள். அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்களுக்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கும். சொர்ணவாரிப் பட்டத்து நடவு, கத்திரி வெயில். எங்கள் தெருக்கோடியில் இருந்த பெரிய கழனியில் அன்றைக்கு வேலை. கழனியின் ஓரத்தில் மோட்டார் கொட்டாய், அதன் பக்கத்தில் ஒரு மாமரம். நட்டு முடிக்கும்வரை யாரும் அந்த மரத்தடிக்குப் போகக் கூடாது என்பது நிலத்துக்காரர் வைத்த சட்டம். அவள் அம்மா எங்களுக்கு இரண்டு ஆள் தள்ளி நட்டுக்கொண்டிருந்தாள். தலை சுற்றுகிறது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டாள். "நெயல்ல குந்தறதுக்கா கூலி?" என்று கேட்டார் நிலத்துக்காரர். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, விளையாட்டாகக் கேட்பதுபோலத்தான் கேட்டார். அந்த அம்மாள் மறுபடி குனிந்தாள். நாற்றுமுடி கையில் இருக்கும்போதே முகம் சேற்றில் விழுந்தது. நாங்கள் தூக்கிக்கொண்டு போய் மாமரத்தடியில்தான் கிடத்தினோம். அப்போது யாரும் தடுக்கவில்லை. அங்கேயே உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்த மறுநாள் நடவுக்குக் கூப்பிட ஆள் வந்தது. "இனிமே எவன் சொல்லியும் வெய்யில்ல நிக்க மாட்டேன்" என்றாள். சொன்னாளே தவிர, கல்யாணத்துக்குப் பிறகும் நின்றாள். வயிறு இருக்கிறதே. கண்டக்டர் வேலை வந்த பிறகுதான் அந்தச் சொல் நிலைத்தது. நிலைத்தபின் ஒருநாளும் பிசகவில்லை.

கண்டக்டர் ரிட்டையர் ஆகி, காலமாகி, மகனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை கிடைத்து, வீட்டில் சோபா வந்து, அவள் உடம்பும் கொஞ்சம் கனத்த பிறகு வலி வந்தது. முட்டியில் இல்லை. தொடையிலும் இடுப்பிலும், சதைக்கு உள்ளே எங்கேயோ. "எலும்புக்குள்ள யாரோ குந்திக்கினு கிள்ற மாரி கீதுக்கா" என்பாள். தரையில் உட்கார்ந்தால் கதவு நிலையைப் பிடித்துத்தான் எழுந்திருப்பாள். படி ஏற முடியவில்லை. நடக்கும்போது வாத்துபோல இரண்டு பக்கமும் சாய்ந்து நடந்தாள். வயசு என்றார்கள் எல்லோரும். எனக்கு வயசு அவளைவிடக் கூட, எனக்கு ஏன் இல்லை என்று நான் கேட்டேன். 

காஞ்சிபுரத்தில் ஒரு எலும்பு டாக்டர், சின்ன வயசுப் பெண். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று நான்தான் கூடப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள்.

"உங்க உடம்புல வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருக்கும்மா. எலும்பு மெத்துனு ஆயிட்டு வருது. வெயில்ல போறதுண்டா?"

"எதுக்குப் போவணும்? எம்புள்ள நல்லாதான் வெச்சினு கீறான்."

"முட்டை, மீன் எல்லாம் சாப்பிடுவீங்களா?"

"எங்கூட்டுக்காரரு போனதுலருந்து கவிச்சி தொட்றதில்ல."

டாக்டர் அவள் கையைப் பார்த்தாள். மணிக்கட்டுவரை நீண்ட ரவிக்கை. தெருவில் முதன்முதலில் முழுக்கை ரவிக்கை தைத்தவளும் அவள்தான்.

"வயசாக ஆக, தோல் அந்தச் சத்தைத் தயாரிக்கிறது குறையும்மா. உடம்பு கனமா இருந்தா அது கொழுப்புலயே தங்கிடும். நம்ம மாதிரி கருப்புத் தோலுக்கு வெயில் இன்னும் கொஞ்சம் கூட நேரம் வேணும். நீங்க கையையும் மூடிட்டு, வீட்டுக்குள்ளயே இருக்கீங்க."

"கருப்பானதே அந்த வெய்யிலாலதாம்மா. இப்போ கருப்பா கீறதால இன்னும் வெய்யிலு வோணுமா? நல்லா கீது நாயம்."

டாக்டர் சிரித்துவிட்டாள். வாரம் ஒரு பொட்டலம் பவுடரைப் பாலில் கலந்து குடிக்கச் சொன்னாள். அது கொஞ்ச நாளைக்கு, அதற்கப்புறம் எலும்பு கெடாமல் இருக்க வெயில் வேண்டும் என்றாள். இளவெயிலில் காலையில் உட்காரட்டுமா என்று நான் கேட்டேன். அது அவ்வளவாகப் பிரயோசனம் இல்லை, பதினொன்றிலிருந்து இரண்டுக்குள், கையும் முகமும் காலும் தெரிய அரை மணி நேரம் போதும் என்றாள். தலை சுற்றினால் எழுந்து வந்துவிட வேண்டும் என்றும் சொன்னாள்.

வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவர் நிழலில் நின்றோம். அவள் குடையை விரிக்கவில்லை. பஸ் ஏறி, இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து, மாகறல் தாண்டின பிறகு சொன்னாள்.

"அந்த நேரத்துலதாங்கா எங்கம்மா வியுந்தா."



ஒரு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனபோது அவள் முகத்தில் ஒரு திருட்டுச் சந்தோஷம். மகன் கட்டிய புதுக் கூடத்தில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி ஜன்னல், திறக்க முடியாதபடி பதித்தது. வீட்டில் மரத்தின் நிழல் விழாத ஒரே மூலை அதுதான். அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, பாதத்தை வெயிலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியாக்கா. வெய்யிலும் வந்துச்சு, நானும் வெளிய போவல. கால தொட்டுப் பாரு, சுடுது."

தொட்டேன், சுட்டது. கெட்டிக்காரி என்று நானும் மெச்சினேன். தினம் மதியம் அங்கேயே உட்கார்ந்தாள். வெயில்தான் வருகிறதே என்று பொட்டலம் வாங்குவதையும் நிறுத்திவிட்டாள். எனக்குத் தெரியாது, மகனுக்கும் தெரியாது.

கார்த்திகையில் ஒருநாள் மருமகள் தெருவில் நின்று என்னைக் கூப்பிட்ட குரலில் நான் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். சமையல்கட்டில் விழுந்து கிடந்தாள். வழுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை, கால் தாங்கவில்லை. ஊன்றிய கையின் மணிக்கட்டு ஒடிந்திருந்தது. நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கினோம். தூக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளை நான் தூக்குவது அதுதான் முதல் தடவை. அவள் அம்மாவைத் தூக்கியது நினைவுக்கு வந்தது, அவளுக்கும் வந்திருக்கும்.

அதே டாக்டர். கண்ணாடி ஜன்னல் கதையைக் கேட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். "கண்ணாடி வழியா சூடு வரும்மா. எலும்புக்கு வேண்டியது அதுல வராது. இப்ப கை, சரியாயிடும். அடுத்த தடவை இடுப்பு எலும்பு போச்சுன்னா படுக்கைதான்."

"அப்போ சாரத்த வெளியவே வடிகட்டிட்டு சக்கைய உள்ள வுட்டுச்சா அந்தக் கண்ணாடி?" என்றாள் இவள். சிரிப்பதற்குத்தான் சொன்னாள், ஆனால் குரல் எழும்பவில்லை. பஸ்ஸில் வரும்போது, "படுக்கையில வியுந்து அடுத்தவ துணி மாத்தற பொயப்பு எனக்கு வேணாங்கா. அத்தவிட எங்கம்மா போனது மேலு" என்றாள்.

பொட்டலத்தை ஒழுங்காகக் குடிக்க ஆரம்பித்தாள். வெயில்தான் வழிக்கு வரவில்லை. மாடிக்குப் போக முடியாது, படி ஏறக் கால் இல்லை. கூடத்து ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் இடம். வாசலில் புங்கன், பின்னால் வேம்பு. அவள் வைத்த நிழல் வீட்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விடாமல் நின்றது. மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரம் வெட்டுகிற ஆளைக் கூட்டிவந்தான். வாசலில் ஒரு புங்கனை மட்டும் எடுத்துவிட்டால் அம்மா படியிலேயே உட்காரலாம் என்பது அவன் கணக்கு. ஆள் கயிறு கட்டிவிட்டான். கட்டுப்போட்ட கையோடு அவள் வெளியே வந்து அடிமரத்தில் சாய்ந்து நின்றாள்.

"இன்னா நைனா பண்றே?"

"உனக்காவதாம்மா. வெய்யிலு வோணும்னு டாக்டரு சொல்லல?"

"என் ஒருத்தி எலும்புக்காவ இத்தினி பேரு நெயல வெட்டுவியா? கயித்த அவுக்கச் சொல்லு."

"அப்போ இன்னாதான் பண்ணச் சொல்றே? நாளைக்கு நீ வியுந்தா யாரு தூக்கறது?"

 ஆள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போகும்வரை அவள் மரத்தை விட்டு நகரவில்லை. மகன் கோபத்தில் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நானும் என் பங்குக்குச் சொல்லிப் பார்த்தேன், எங்கள் வீட்டு முற்றத்துக்கு வா, வெயில் கொட்டிக் கிடக்கிறது என்று. "நீ சொன்னா மட்டும் வந்துடுவனா? எவன் சொல்லியும்னா அதுல நீயும்தாங்கா" என்றாள். எனக்கும் கோபம் வந்தது. பொங்கல்வரை நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மாசி மாதம், உச்சி நேரம். நான் சோறு தின்றுவிட்டு வாசலில் நிற்கிறேன். அவள் தெருவின் நட்டநடுவே வருகிறாள். சுவரை ஒட்டவில்லை. குடை மடங்கியிருந்தது, அதைத் தடிபோல ஊன்றிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து வந்தாள். ரவிக்கைக் கை முழங்கைக்கு மேலே வெட்டித் தைக்கப்பட்டிருந்தது. அவள் முழங்கையை நான் பார்த்தே எத்தனையோ வருடம். முகத்தைவிட அது வெளுத்திருந்தது.

"யக்கா, உங்கூட்டு சேரு ஒண்ணு எடுத்துக்கினு வா."

"எங்கமே?"

"வா, சொல்றேன்."

பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் போனேன். தெருக்கோடிக்குப் போனாள். அந்தக் கழனி இப்போது பிளாட் போட்டுக் கிடக்கிறது. வெள்ளையடித்த கற்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். வீடு ஒன்றும் வரவில்லை. மோட்டார் கொட்டாய் இருந்த இடத்தில் ஒரு துண்டுச் சுவர். மாமரம் போய் வெகு காலமாகிவிட்டது. கண்ணுக்கு எட்டினவரை நிழல் என்று ஒன்று இல்லை.

"இங்கதான?" என்றாள்.

எதைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. "இன்னும் ரெண்டு வரப்பு தள்ளி" என்றேன்.

"வரப்பு எங்க கீது? குத்துமதிப்பா போடு."

போட்டேன். உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கை தானாகக் குடைப் பிடிக்குப் போனது. அதைப் பார்த்துவிட்டு, குடையைத் தரையில் போட்டுக் காலால் தள்ளினாள்.

"எவனும் சொல்லி வர்ல. நானா வந்தேன். நீதான் சாட்சி" என்றாள்.

"சரி, சரி."

"தல சுத்துனா எய்ந்திரிப்பேன். யாரையும் கேக்க மாட்டேன்."

"யாரக் கேக்கணும்? எய்ந்திரி."

அங்கிருந்து பார்த்தால் அவள் வீட்டுப் புங்கன்கள் தெரியும். நூறு நாள் வேலைப் பெண்கள் அதன் அடியில் சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டுக் கையை வாயில் குவித்துக் கூவினாள். "ஆயா, இன்னாத்துக்கு வெய்யில்ல குந்தினு கீறே? நெயலுக்கு வா."

"நீங்க குந்துங்கடி. எய்ந்திருக்காதீங்க" என்று இவள் திருப்பிக் கத்தினாள். அவ்வளவு பலமான குரல் அவளிடம் இன்னும் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

பிறகு மடியில் இருந்த கைகளைத் திருப்பி உள்ளங்கையை மேலே வைத்தாள்.  நெற்றியில் வேர்வை துளிர்த்தது, துடைக்கவில்லை.

"யக்கா, இத்தினி காலம் இதே எடத்துல நின்னோமே. அப்போல்லாம் வெய்யிலு நம்ம முதுகத்தான பாத்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். நடவென்றாலும் களையென்றாலும் குனிந்த தலை நிமிர்ந்ததில்லை.

"இன்னிக்கி மூஞ்சியப் பாக்கட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டு முகத்தை மேலே தூக்கினாள்.

என் நிழல் அவள் தோளில் விழுந்துகொண்டிருந்தது. நான் ஓரடி தள்ளி நின்றேன்.